சந்தனப் பொட்டு வைத்த சைக்கிள்கள்

அத்தியாயம் பதினொன்று

அஞ்சலாட்சிக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, பாசம் வந்தால் கை நிற்காது. இரண்டில் எது ஆபத்து என்று அவள் புருஷன் வெற்றிவேலைக் கேட்டால், ஒரு நொடிகூட யோசிக்காமல் கையைத்தான் சொல்வார்.

போன வாரம் நிற்காமல் போனது வாய். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மருமகள் சுமலதா பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது, "இந்த வேல போனா ஒண்ணும் குடி முழுகிடாது" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆக்கிப் போட்டதைத் தின்ன ஆள் இல்லையே என்கிற ஆத்திரம். சுமலதா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகியிருக்கலாம். அந்தப் பெண் வாயை இறுக்க மூடிக்கொள்கிற ரகம். அன்றிலிருந்து வீட்டில் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன் அத்தை" என்பதோடு பேச்சு முடிந்துபோனது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போன அஞ்சலாட்சியின் காதில், சுமலதா சேலத்திலிருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசுவது விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை நல்லபடியா நடந்தா வேலைய நிரந்தரம் பண்ணிடுவாங்கம்மா. சொதப்புச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? நானும் கோபியும் சேலத்துக்கே வந்துடறோம்."

அஞ்சலாட்சி கையிலிருந்த துணியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அடிப்பாவி, நீ மருமகளா வந்த எட்டு மாசமா ஒனக்குப் பிடிக்கும்னு தெனம் நம்ம கடை கத்திரிக்காய்ல பிஞ்சா பாத்து எடுத்து வெக்கிறேனே, எனக்குன்னு ஒரு நாள் எடுத்தது உண்டா? இந்த ஊர்ல ஒனக்கு ஒண்ணுமே இல்லையா? கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் ஒளிந்து கேட்ட பேச்சுக்கு நேரில் எப்படிப் பதில் சொல்வது?

அப்படியென்ன வேலை என்று இந்த வாரம்தான் படிக்க வந்தவர்கள் கேட்பீர்கள். புதுச்சேரியில் பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்று தொடங்குகிறார்கள். 'புதுவை வெலோ' என்று பெயர், வெலோ என்றால் பிரெஞ்சில் சைக்கிள். ஊரில் அங்கங்கே பச்சை நிறச் சைக்கிள்கள் நிற்கும். ஹேண்டில்பாரில் ஒட்டியிருக்கிற சின்னக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே போனைக் காட்டினால், பூட்டு டக்கென்று திறந்துகொள்ளும். ஏறி மிதித்து, போகிற இடத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். சென்னைக் கம்பெனி ஒன்று நடத்துகிறது. கடற்கரைச் சாலை ஸ்டாண்டுக்குப் பொறுப்பு சுமலதா. ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழாவும் அங்கேதான்.

விழாவின் முதல் சவாரி, முன்கூட்டியே பெயர் கொடுத்த குடும்பங்களுக்கு. இலவசம். மருமகள் விழாவுக்கு ஆள் சேர வேண்டுமே என்று வெற்றிவேல் தன் பெயர், மனைவி பெயர், தங்கை கண்ணகி பெயர் என்று மூன்றையும் போன மாதமே கொடுத்துவிட்டார். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர் அவர். எந்தக் கம்பத்தில் எந்த ஒயர் என்று தெரியும், வீட்டுக்குள் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பது மட்டும் கடைசியாகத்தான் தெரியும்.

வியாழன் இரவுச் சாப்பாட்டின்போது அஞ்சலாட்சி மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"சைக்கிளுக்கெல்லாம் பூச போட்டாச்சா?"

"அதெல்லாம் கம்பெனில பண்ண மாட்டாங்க அத்தை," என்று சுமலதா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊரில் புது வண்டி எடுத்தவர் யாரும் நேரே வீட்டுக்கு ஓட்டிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கின பிறகுதான் அது வண்டி. கார் என்ன, டிராக்டர் என்ன, பொக்லைன் எந்திரமே வந்து நின்றிருக்கிறது. இத்தனை சைக்கிள், பொட்டுகூட இல்லாமல் மொட்டையாகத் தெருவில் இறங்கினால் காரியம் எப்படி விளங்கும்? இவள் வேலை எப்படி நிலைக்கும்?

சைக்கிள் கோயிலுக்கு வராது. சரி, கோயில் சைக்கிளிடம் போகட்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கை புறப்பட்டுவிட்டது.

ஞாயிறு விடியும் முன்பே சுமலதாவும் அவளுக்கு ஒத்தாசையாக மகன் கோபிநாத்தும் பேனர், தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத்தான் கடற்கரைக்கு வருவார்களாம். அவர்கள் தலை மறைந்ததும், அஞ்சலாட்சி தன் காய்கறிக் கடையிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கடியில் ஒளித்திருந்த மூட்டையை இழுத்தாள்.

வெற்றிவேல் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டி, எலுமிச்சம்பழத்த மூட்டையோட தூக்கினு வர? பீச்சுல ஜூஸ் கடை போடப் போறியா?"

"பேசாம வண்டிய எடுங்க."

"பூசணிக்காய் வேற! யார் தலைல ஒடைக்க?"

"ஒங்க தலைலதான். எடுங்கன்றேன்ல."

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுக்காற்று சில்லென்று அடித்தது. பூசணிக்காய் வெற்றிவேல் காலடியில், மூட்டை அஞ்சலாட்சி மடியில். கோயிலை ஒட்டிய சந்தில் பூக்கடை வைத்திருக்கும் கண்ணகி, அண்ணி சொன்னபடி சந்தனம், குங்குமம், உதிரிப்பூ எல்லாம் தயாராக வைத்திருந்தாள். நாத்தனார் என்று பேர்தான். அண்ணி கிணற்றில் குதி என்றால் கயிறு எங்கே என்று கேட்கிறவள் கண்ணகி.

சந்நிதியில் அர்ச்சகர் கேட்டார்: "யார் பேருக்கு அர்ச்சனை?"

"சுமலதா, உத்திரட்டாதி," என்றாள் அஞ்சலாட்சி. "அப்புறம் சாமி, அவளோட சைக்கிளுங்க பேருக்கும்."

அர்ச்சகர் பல காலமாக இந்த ஊரில் இருப்பவர். சைக்கிளுக்கு நட்சத்திரம் கேட்கவில்லை. அஞ்சலாட்சி கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, அந்தப் பொண்ணு வேல நெலைக்கணும் அப்பனே, அவ நல்லா வரணும், அது போதும் எனக்கு என்று முணுமுணுத்தாள்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி பச்சைச் சைக்கிள்கள் நீளமாக நின்றன. வாகனங்கள் வராத நேரம். நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும் கையை வீசிப் போய்க்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவர், மேடத்தோட மாமியார் என்று தெரிந்ததும் கயிற்றைத் தூக்கி வழிவிட்டார்.

"சாமி காரியம். அஞ்சு நிமிஷம்," என்றாள் அஞ்சலாட்சி.

அஞ்சு நிமிஷம் எங்கே! ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்சக்கரத்தடியில் ஒரு பழம், பின்சக்கரத்தடியில் ஒரு பழம். ஹேண்டில்பாரில் ஒரு முழம் பூ. அப்புறம் பொட்டு. எங்கே வைப்பது? சைக்கிளுக்கு நெற்றி எது? கண்ணகி தேடிப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பார் நடுவில் ஒட்டியிருந்த அந்தச் சின்னக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அண்ணி, எடம் அளவெடுத்த மாதிரி இதான் இருக்குது. ஆனா இது போன்ல காட்றது இல்ல? இது மேல வெக்கலாமா?"

"ஏன் வெக்கக் கூடாது? என் கடைல காசு வாங்குற அட்டை இருக்குதே, அதுவும் இதே மாதிரி கட்டம்தான். வெள்ளிக்கிழம தவறாம அதுக்குப் பொட்டு வெக்கிறேன். ஒரு நாளாச்சும் காசு வராம இருந்துருக்கா? பொட்டு வெச்ச பொறவுதான் யாவாரமே சூடு புடிச்சுது."

நியாயம்தானே? கண்ணகிக்கும் அப்படித்தான் பட்டது. போதாக்குறைக்கு இன்று சவாரி இலவசம், கட்டத்துக்கு வேலையே இல்லை என்று வேறு அஞ்சலாட்சி எண்ணிக்கொண்டாள். காய்கறிக் கடை அட்டை உள்ளங்கை அகலம், அதில் பொட்டு வைத்தாலும் கட்டம் நாலாபக்கமும் தெரியும். இங்கே கட்டமே கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் இரண்டு பேர் புத்தியிலும் எட்டவில்லை. சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து, தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே போனார்கள். கடல் காற்றில் சந்தனம் கையோடு காய்ந்து இறுகியது.

பூசணிக்காயை மட்டும் வெற்றிவேல் பிடுங்கி ஸ்கூட்டருக்குக் கொண்டுபோய்விட்டார். "நடு ரோட்டுல ஒடச்சுட்டு, வந்தவங்க எல்லாம் சறுக்கி வுழுந்து பல்ல ஒடச்சுக்கவா?" அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

ஏழு மணிக்குள் குடும்பங்கள் வந்து குவிந்தன. ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு பட்டாளமே வந்திருந்தது. டூமாஸ் வீதியில் வசிக்கும், பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வெள்ளை அரைக்கால் சட்டையோடு மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பூச்சூடிப் பொட்டு வைத்து நின்ற சைக்கிள்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓலாலா! வெலோவுக்குக் கல்யாணமா? த்ரே ஜோலி! ரொம்ப அழகு!" என்று கைதட்டினார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அஞ்சலாட்சிக்குத் தலைகால் புரியவில்லை. கற்பூரத் தட்டோடு, கல்யாணப் பெண்ணின் அம்மா மாதிரி வரிசையின் முனையில் நின்றாள்.

விழாவைத் தொடங்கிவைக்கும் பெண் அதிகாரியின் கார் தூரத்திலேயே நின்றது. நடந்து வந்த கூட்டத்தில் அதிகாரிக்கு ஒரு பக்கம் கம்பெனி மேலாளர் புருஷோத்தமன், மறுபக்கம் சுமலதா. பின்னால் மைக்கோடு கோபிநாத். பஸ் ஸ்டாண்டில் தாமதமாகி, நேரே அதிகாரியோடு சேர்ந்து வருகிறாள் போலிருக்கிறது. சுமலதா சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு தட்டோடு நின்ற மாமியாரைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது.

சந்தோஷத்தில் பேச்சு வரல பாவம் என்று நினைத்துக்கொண்டாள் அஞ்சலாட்சி.

அதிகாரி முதல் சைக்கிளிடம் வந்து, சிரித்தபடி போனை நீட்டினார். போன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பிறகு சாய்த்துப் பிடித்தார். புருஷோத்தமன் அடுத்த சைக்கிளைக் காட்டினார். அதுவும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. மேலாளர் கைக்குட்டையை எடுத்து ஒரு பொட்டைத் துடைத்தார். சந்தனமும் குங்குமமும் சேர்ந்து சிவப்புச் சேறாகக் கட்டம் முழுக்க இழுவியதுதான் மிச்சம். படம் எடுத்தவர்கள் அதையும் எடுத்தார்கள்.

அப்போதுதான் அஞ்சலாட்சிக்கு உறைத்தது.

"யார் இந்த வேலையப் பாத்தது?" புருஷோத்தமன் காவலாளியிடம் பாய்ந்தார். "யார உள்ள விட்டீங்க?"

காவலாளி திருதிருவென்று விழித்தார். பாவம், அவர் வேலைக்கும் வினையா? அஞ்சலாட்சி முன்னால் வந்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான்தான்."

"நீங்க யாரும்மா?"

மாமியார் என்று சொன்னால் அந்தப் பெண் பேர் கெட்டுப்போகும். அஞ்சலாட்சி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "அரியாங்குப்பம் சார். காய்கறிக் கடை. சவாரிக்குப் பேர் குடுத்துருக்கோம். வேற ஒண்ணும் இல்ல."

"எங்க அத்தை சார்," என்றாள் சுமலதா.

எல்லாரும் திரும்பினார்கள். சுமலதா அதற்குமேல் விளக்கமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து வேகவேகமாக எதையோ தட்ட ஆரம்பித்தாள். கோபிநாத்துக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்க் கடற்கரைச் சுவரோரம் நிறுத்தினான்.

"வேணும்னே பண்ணியாம்மா?"

"என்னாடா கேக்குற?"

"இந்த வேல போனா குடி முழுகிடாதுன்னு நீதான சொன்ன? போச்சு, இப்ப நிம்மதியா? ஊர் முன்னாடி அவள நிக்க வெச்சுட்ட."

பெற்ற பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. அஞ்சலாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோபி, வாய மூடு."

சுமலதா பின்னாலேயே வந்திருந்தாள். அவள் புருஷனிடம் அப்படிப் பேசி அஞ்சலாட்சி கேட்டதே இல்லை.

"அத்தைக்கு என்மேல கோவம்னா மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்க. சாமி பேரச் சொல்லிக் குழி பறிக்க மாட்டாங்க. எட்டு மாசத்துல இதுகூடத் தெரியாதா எனக்கு? போ, போய் பக்கெட்ல தண்ணி கொண்டா, துணி கொண்டா." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, அழுறதெல்லாம் அப்புறம். மட்கார்டுல நம்பர் எழுதியிருக்கு. நம்பர் தெரிஞ்சா நான் இதுலேர்ந்தே ஒவ்வொரு பூட்டா தொறந்துடுவேன். காத்துல யார் பேசறதும் கேக்கல. நீங்க படிச்சுக் கத்துங்க."

"நானா?"

"நீங்கதான். தக்காளி விக்கிற மாதிரி கத்துங்க."

அதற்குமேல் அஞ்சலாட்சிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்து, அதை இடுப்பில் செருகினாள்.

"நூத்தி ஏழேய்!"

டக். பூட்டு திறந்தது.

"அதிகாரியம்மா, அது ஒங்களுது, ஏறிக்கிங்க! நூத்தி பத்தேய்! ரெட்டியார்பாளையம் யாரு, வா வா, முட்டிக்காத, எல்லாருக்கும் இருக்குது! நூத்தி முப்பத்தி ரெண்டு! பிரெஞ்சு மிசியே, நீங்க வாங்க, அம்மாவுக்குப் பக்கத்து வண்டி!"

கடல் இரைச்சலை மீறி அந்தக் குரல் பழைய துறைமுகப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு பொட்டு வைத்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். சக்கரம் நகர்ந்ததும் எலுமிச்சம்பழம் பொதக்கென்று நசுங்கியது. சின்னப் பிள்ளைகள் ஓவென்று கத்தின. அடுத்தடுத்துச் சக்கரங்கள் உருள, கடற்கரைச் சாலை முழுக்க எலுமிச்சை வாசனை. வெற்றிவேலும் கோபிநாத்தும் ஈரத் துணியோடு கட்டங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். கண்ணகி பூ விழுந்த இடத்தில் மறுபடி பூ வைத்தாள். அவளை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

வரிசை பாதி காலியானபோது சுமலதா டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கடைல இருந்த பழம் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டீங்களா அத்தை?"

"ஆமா."

"நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

"எங்க வூட்டு சைக்கிளுக்கு வெச்சுட்டேன்னு சொல்றேன்."

சுமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு வாரம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. அஞ்சலாட்சி அடுத்த நம்பரைத் தப்பாகப் படித்தாள்.

கடைசியாகக் குடும்பத்தாரும் ஏறினார்கள். அஞ்சலாட்சிக்குச் சைக்கிள் புதிதில்லை. கல்யாணமான புதிதில் அரியாங்குப்பத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மூட்டையோடு மிதித்தவள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஒரு உந்து உந்தி ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக மிதித்தது. "மெதுவாடி, மெதுவாடி" என்று பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வெற்றிவேலை அவள் சட்டை செய்யவே இல்லை. சுமலதா பக்கத்திலேயே வந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் போன வாரத்துப் பேசாமை இல்லை இது. அஞ்சலாட்சிக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது, இந்தச் சாலை இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

சவாரி முடிந்து எல்லாருக்கும் பொங்கல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது புருஷோத்தமன் வந்தார். முகத்தில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று அஞ்சலாட்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொட்டலத்தை வெற்றிவேல் கையில் திணித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், தப்பு என்னுது. பொண்ணு மேல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"தப்பு உங்களுதுதாம்மா," என்றார் அவர். "அதுல சந்தேகமே இல்ல." பிறகு சுமலதாவைப் பார்த்தார். "ஆனா ஒரு பூட்டும் தொறக்காத நேரத்துல ஓடி ஒளியாம, ஒத்தையா நின்னு எல்லா வண்டியையும் கிளப்பிட்டீங்க. சென்னைல சொல்லிட்டேன். உங்க வேலை நிரந்தரம். ஆர்டர் நாளைக்கு வரும்."

"பிள்ளையாரப்பா!" அஞ்சலாட்சி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டாள். கண்ணகி அவளைக் கட்டிக்கொண்டாள். கோபிநாத் அம்மா முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கீழே பார்த்தான். அவனை இழுத்து அவன் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். அதுதான் அவள் மன்னிக்கிற விதம்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் புருஷோத்தமன். "அடுத்து காரைக்கால்ல ஆரம்பிக்கறோம். அங்க ஒண்ணுமே இல்ல, அடியிலேர்ந்து எழுப்பணும். இப்படி ஒரு ஆள்தான் வேணும். ஒரு வருஷம். அடுத்த மாசமே போகணும்."

வெற்றிவேலின் வாயில் போன பொங்கல் பாதியில் நின்றது. காரைக்கால்! புதுச்சேரியில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எந்த வீட்டிலும் அந்த ஊர்ப் பேரைச் சும்மா சொல்ல முடியாது. நல்ல ஊர்தான், யார் இல்லை என்றது? ஆனால் புதுச்சேரி அரசைச் சேர்ந்ததே என்றாலும் இங்கிருந்து அரை நாள் பஸ். காரைக்காலுக்கு மாற்றல் என்ற பேச்சு வந்தாலே பாயைப் பிராண்டாத குடும்பம் கிடையாது. வெற்றிவேலே தன் சர்வீஸ் முழுக்க யார் யார் காலையோ பிடித்து அதைத் தட்டிக்கழித்தவர்.

அஞ்சலாட்சியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. வேலை நிலைக்க வேண்டும் என்றுதானே கேட்டாள்? இப்படியா நிலைக்கச் சொன்னாள்? எங்கே என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டது யார் தப்பு?

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்," என்றாள் சுமலதா.

"அதான் உங்க வீட்டுக்காரர் இங்கயே நிக்கறாரே. கேளுங்க."

"அவர்கிட்ட இல்ல சார். அத்தைகிட்ட கேக்கணும்."

சொல்லிவிட்டு அவள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்தப் பெண் இங்கேயே இருந்துவிடுவாள், முகம்கூடச் சுளிக்க மாட்டாள் என்பது அஞ்சலாட்சிக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக ஏங்கியதை அவள் தட்டில் வைத்து நீட்டுகிறாள், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சின்ன முகத்தில் ஆசை இருந்தது, பயம் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல் நின்றாள். பாழாய்ப் போன பாசம் அஞ்சலாட்சியிடம் மறுபடி புறப்பட்டுவிட்டது.

"தங்கறதுக்குக் கவலையே வேண்டாம்மா," புருஷோத்தமன் அவசரமாகச் சொன்னார். "கம்பெனியே நல்ல ரூமா ஒண்ணு பாத்துக் குடுத்துடும்."

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒண்ணு பத்தாது சார். ரெண்டு ரூமா இருக்கற வீடாப் பாருங்க."

சுமலதாவின் கண் விரிந்தது. அடுத்த நொடி நடு ரோடு என்றும் பார்க்காமல் வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபிநாத் அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பொங்கல் பொட்டலத்தோடு எழுந்து நின்ற வெற்றிவேலுக்குத்தான் வழக்கம்போல எல்லாம் கடைசியாகப் புரிந்தது.

"ஏ அஞ்சலை," என்றார். "ரெண்டாவது ரூம் யாருக்கு?"

அவள் திரும்பவே இல்லை, காரைக்காலில் பிஞ்சுக் கத்திரிக்காய் கிடைக்குமா என்று மருமகளிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.